எட்டாவது படித்தவர் கையில் மலேரியா மாத்திரையைக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஒரு அறக்கட்டளை சார்பில் ஒடிசாவின் கோராபுட் பக்கம் வேலைக்குப் போகிறீர்கள். அங்கே எட்டாவது வரை படித்த கிராமத்துப் பெண்களே விரலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள், மலேரியா என்று சொல்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். இது சரியா? அங்கே மலேரியா குறைந்ததற்குக் காரணம் இவர்களா, கொசுவலையா? நீங்கள் கையில் கொண்டுபோகும் பணத்தை எதில் போடலாம்?

தெற்கு ஒடிசாவில் சில ஆண்டுகள் மலேரியா வேலையில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சரியா என்றால், சரிதான். அதுவும் வேறு வழியில்லாமல் செய்யும் சமாளிப்பு இல்லை. கிராமத்திலேயே குடியிருக்கும் ஒருவர் இந்த வேலையை டாக்டரைவிட நன்றாகச் செய்ய முடியும். காரணம், மலேரியாவில் முக்கால்வாசி விஷயம் நேரக் கணக்கு. மூளை மலேரியாவில் கொண்டுபோய் விடுவது ஃபால்சிபாரம் வகை. சிறு குழந்தைக்கு அது வந்தால், காலையில் காய்ச்சலோடு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மறுநாளோ அதற்கு மறுநாளோ வலிப்பு வந்து நினைவிழந்து கிடக்கும். அந்த இடைவெளிக்குள் முதல் வேளை மாத்திரை உள்ளே போயாக வேண்டும். மலைமேல் பத்துப் பதினைந்து வீடுகள் இருக்கும் ஒரு பாடாவிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மழைக்காலத்தில் நடந்து வருவதற்கே ஒரு பகல் போய்விடும். வந்து சேரும்போது டாக்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு நாள் போனது போனதுதான்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஃபால்சிபாரத்தில், கொசுவுக்குத் தொற்றக்கூடிய வடிவம் நோயாளியின் ரத்தத்தில் தலைகாட்டக் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் பத்து நாள் ஆகும். முதல் நாளிலேயே சிகிச்சை தொடங்கிவிட்டால் அந்த வடிவம் பெரும்பாலும் உருவாகவே விடாமல் தடுத்துவிடலாம். அந்த ஒருவர் பிழைப்பதோடு, அவரிடமிருந்து ஊருக்குள் நோய் பரவுவதும் நிற்கிறது. வீட்டுப் பக்கத்தில் இருக்கிற ஆளால்தான் இது முடியும்.

முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். 1960-களின் நடுவில் இந்தியாவில் மலேரியா ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. ஒழிந்தே விட்டது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து, 1976-இல் 64 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு திட்டத்தை மாற்றி எழுதினார்கள். ஊர் வாத்தியார், தபால்காரர் மாதிரி ஆட்களிடம் குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையைக் கொடுத்து வைத்து, காய்ச்சல் என்று வந்தால் கொடுக்கச் சொன்னார்கள். தன்னார்வலர் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது. ஆனால் கையில் சோதனை இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும் சுகாதார ஊழியர் கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தைத் தடவி எடுத்துப் போவார். அது ஆய்வகம் போய்ப் பார்த்து முடிவு ஊருக்குத் திரும்புவதற்குள், ஆள் ஒன்று குணமாகியிருப்பார், இல்லை போயே சேர்ந்திருப்பார்.

இந்தத் தாமதத்தைக் கருவியே இல்லாமல் உடைத்தவர்களும் உண்டு. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர் குழு இருக்கிறது. அவர்களுடைய கிராம ஊழியர்கள் ரத்தத் தடவலை எடுத்து, சோப்பு டப்பாவுக்குள் வைத்து, அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். கனியாரியில் இறக்கிப் பார்த்து, முடிவைத் திரும்பும் பஸ்ஸில் எழுதி அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து பொது சுகாதாரத்தில் இதைவிட மலிவான புத்திசாலித்தனம் குறைவு. ஆனால் இதற்கு ஊருக்கு பஸ் வர வேண்டும். பஸ் வராத ஊர்தான் நம் கதை.

2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு ஆஷா வந்தார். நீங்கள் கேட்ட அந்தக் கிராமத்துப் பெண் சுகாதாரத் தன்னார்வலருக்குத்தான் இந்தப் பெயர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சத்தீஸ்கரில் மிதானின் பெண்கள் இந்த வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என்பது பொது விதி, மலைப் பகுதியில் குடியிருப்புக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டாவது வரை படித்திருக்க வேண்டும் என்றார்கள், ஆள் கிடைக்காத பழங்குடி ஊர்களில் அதையும் தளர்த்தினார்கள். முக்கியமான நிபந்தனை, அந்த ஊரிலேயே வாழும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது. கோராபுட், ராயகடா, மல்கான்கிரி பக்கம் குயி, கோயா, போண்டா என்று மொழி மலைக்கு மலை மாறும். ஒடியா பேசும் நர்ஸ் சொல்வது பாதிதான் போய்ச் சேரும். ஆஷா தீதி அந்த ஊர் மருமகள், வீட்டுக்குள் நேராகப் போய் உட்காருவார்.

அவர் செய்யும் சோதனையை ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள், உங்கள் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். இடக்கை மோதிர விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயும்வரை விடுவார். காயாமல் குத்தினால் ரத்தம் ஸ்பிரிட்டோடு கலந்து பரவிவிடும், சொட்டாக நிற்காது. குத்தி, ஒரு சிறு சொட்டை, கிட் என்று சொல்லும் சோதனை அட்டையில் உள்ள குழிக்குள் வைத்து, பக்கத்துக் குழியில் பாட்டிலில் உள்ள கரைசலை எண்ணி விடுவார். அப்புறம் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கோடுகள் தெரியும். கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் கிட் கெட்டுப்போனது, வேறு எடுக்க வேண்டும். 2013 முதல் வந்த கிட்டுகள் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை, இரண்டையும் தனித்தனியாகக் காட்டும்.

ஃபால்சிபாரம் என்றால் ஆர்ட்டிசுனேட் கூட்டு மருந்து, மூன்று நாள். மாத்திரை அட்டையே வயதுக்கு ஒரு நிறம்: ஒரு வயதுக்குள் ரோஜா நிறம், நாலு வயது வரை மஞ்சள், எட்டு வரை பச்சை, பதினாலு வரை சிவப்பு, அதற்கு மேல் வெள்ளை. எடை போட்டுக் கணக்குப் பண்ண வேண்டியதில்லை, எழுத்து தெரியாதவரும் தவற வழியில்லை. இந்த நிறங்களை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். முதல் வேளையைத் தன் கண் முன்னால் விழுங்க வைத்து, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார். வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் வலை கிழிந்திருக்கிறதா, பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்பதெல்லாம் காதில் விழும்.

வைவாக்ஸில் வேறு சிக்கல். குளோரோகுயின் மூன்று நாளில் காய்ச்சலை இறக்கிவிடும். ஆனால் ஈரலுக்குள் ஒளிந்திருப்பதை அழிக்க ப்ரைமாகுயின் 14 நாள் போட வேண்டும். நாலாவது நாள் உடம்பு தேறியதும் ஆள் வயலுக்குப் போய்விடுவார், மாத்திரை கூரையில் செருகிக் கிடக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து அதே காய்ச்சல் மீண்டும் வரும். வீடு வீடாகப் போய், போட்டாயா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பது இங்கேதான் தெரியும். கூடவே எச்சரிக்கையும் உண்டு. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் ப்ரைமாகுயின் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்துபோகலாம், பழங்குடி மக்களிடையே இந்தக் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். வலிப்பு, எதையும் குடிக்க முடியாமை, நினைவு தடுமாறல், உடம்பு வெளுத்துப் போதல், இதெல்லாம் கண்டாலும் தானாக வைத்தியம் பார்க்காமல் அனுப்பிவிட வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற எல்லை இவ்வளவு தெளிவாக இருப்பதால்தான் இந்த வேலையை அவரை நம்பிக் கொடுக்க முடிகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் படித்தவர்களே இடறுவார்கள்: ஃபால்சிபாரம் குணமான பிறகும் சில வாரங்களுக்கு கிட்டில் கோடு விழும். செத்த கிருமியின் புரதம் ரத்தத்தில் மிஞ்சியிருப்பதால் வருவது அது. போன மாதம் சிகிச்சை எடுத்தவரை மறுபடி கிட் வைத்துச் சோதித்து, மருந்து வேலை செய்யவில்லை என்று பதறக்கூடாது. அவருக்கு ஸ்லைடுதான்.

சரி, இவர்களால்தான் குறைந்ததா?

ஒடிசாவில் 2016-இல் பதிவான மலேரியா 4,44,843. நாட்டின் மொத்தத்தில் இது சுமார் 40 சதவீதம். இறந்தவர்கள் 77. 2018-இல் 66,301-ஆக இறங்கியது, இறப்பு 4. இரண்டே ஆண்டில் இப்படி ஒரு சரிவை உலக சுகாதார நிறுவனமே எடுத்துச் சொன்னது. நடுவில் 2017-இல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. மருந்தேற்றிய கொசுவலை ஒரு கோடிக்கும் மேல் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு, எட்டாக்கையில் உள்ள ஊர்களுக்கென்று தமன் என்ற திட்டம் தொடங்கியது. மழைக்கு முன்னும் பின்னும் முகாம் போட்டு, காய்ச்சல் உண்டோ இல்லையோ, ஊரில் உள்ள எல்லாருக்கும் ரத்தம் பார்த்து, இருந்தால் மருந்து கொடுப்பது.

காய்ச்சல் இல்லாதவருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சிறு வயதிலிருந்தே மலேரியாவோடு வளர்ந்த பெரியவர்களுக்கு உடம்பில் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும். கிருமி ரத்தத்தில் ஓடும், ஆள் மரம் வெட்டிக்கொண்டிருப்பார். அவரிடமிருந்து கொசு எடுத்துக்கொண்டே இருக்கும். 2020-இல் சத்தீஸ்கரின் பஸ்தரில் வீடு வீடாகப் போய்ச் சோதித்தபோது, கிருமி இருந்தவர்களில் பாதிக்கு மேல் எந்த அறிகுறியும் இல்லாதவர்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு இவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மல்கான்கிரியின் சித்ரகொண்டா பக்கம் இதெல்லாம் எப்படி நடந்தது என்றால், பாலிமேலா அணை நீர் சூழ்ந்து சுமார் 150 ஊர்கள் தனித்தீவாகக் கிடந்தன. குருப்ரியா பாலம் 2018 ஜூலையில் திறக்கும்வரை படகுதான் வழி. வலை மூட்டை, கிட் பெட்டி, ஆட்கள் எல்லாம் படகில். அக்கரை சேர்ந்தால் அங்கிருந்து தலைச்சுமை. ஊர்க்காரர்களைக் கூட்டி வைப்பது, வராதவர் வீட்டுக்குப் போய் அழைத்து வருவது, முகாம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு மூன்று நாள் மருந்து முடிகிறதா என்று பார்ப்பது, மூன்றும் ஆஷா வேலை.

அதனால் வலையா ஆஷாவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். அதோடு, மலேரியா சில ஆண்டுக்கு ஒருமுறை தானாகவும் ஏறி இறங்கும், அதன் பங்கும் இந்த எண்ணில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் வலையே இல்லாமல் தன்னார்வலரின் பலத்தை மட்டும் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில், ஊர்த் தாய்மார்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, காய்ச்சலை அடையாளம் கண்டு வீட்டிலேயே உடனே குளோரோகுயின் கொடுக்க மற்ற தாய்மார்களுக்குச் சொல்லித்தரச் செய்தார்கள். அப்படிச் செய்த ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 40 சதவீதம் குறைந்தது. 2000-இல் வெளிவந்த முடிவு இது. கிட் கூட இல்லாத காலம்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒடிசா மலையடிவார ஓடைகளில் வளரும் ஃப்ளூவியாட்டிலிஸ் என்ற கொசு மனித ரத்தத்தையே தேடி வரும், இரவில், ஆள் அசந்து தூங்கும் நேரத்தில் கடிக்கும். வலைக்குள் படுத்தால் தப்பிக்கலாம். ஆனால் சோளமும் கேழ்வரகும் முற்றும் நாட்களில் ஆண்கள் காட்டுப்பன்றிக்குக் காவலாகப் பரணில் படுப்பார்கள். வெயில் காலத்தில் குடும்பமே வாசலில் படுக்கும். வலை வீட்டுக்குள் மடித்து வைத்த இடத்தில் இருக்கும், சில ஊரில் மீன் பிடிக்கவும் போகும். திட்ட அறிக்கையில் எல்லாம் 'விநியோகிக்கப்பட்டது' கணக்கில்தான் வரும். யார் எங்கே படுக்கிறார் என்பது ஆஷாவுக்குத் தெரியும். மருந்தேற்றிய வலை சுமார் மூன்று ஆண்டு தாங்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், கீழே வருகிறது.

இனி எங்கே சறுக்குகிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் பணமும் இங்கேதான் போக வேண்டும்.

எல்லாரும் முதலில் பயிற்சிக்குத்தான் ஓடுவார்கள். பேனர், நோட்டு, மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ. தயவுசெய்து வேண்டாம். நான் பார்த்த ஆஷாக்களில் சோதனை செய்யத் தெரியாதவர் அரிது. கிட் இல்லாமல் இருந்தவர்கள் ஏராளம். மழைக்கு முன் வட்டார ஆஸ்பத்திரி கிடங்குவரை வந்த பெட்டி அங்கேயே நிற்கும். கீழே இறங்க வண்டி இருக்காது, வண்டி இருந்தால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. ஆஷாவிடம் இரண்டு முறை போய்க் கிட் இல்லை என்று கேட்டவர் மூன்றாம் முறை நேராக திசாரி, குனியா என்ற ஊர்ப் பூசாரி வைத்தியர்களிடம் போய்விடுவார், இல்லையென்றால் சைக்கிளில் பையோடு வரும் ஊசி டாக்டரிடம். அந்தப் பழக்கத்தைத் திருப்ப ஓர் ஆண்டு ஆகும். இன்னொன்று, கிட்டை 40 டிகிரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் கெட்டுப்போகும். மண்பானைக்குப் பக்கத்துக் குளிர்ந்த மூலையில் வைக்கச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்கு இரண்டு நாள் பயிற்சி தேவையில்லை.

அடுத்தது கூலி. பெயர் தன்னார்வலர், அதனால் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை. மலேரியாவில் பல ஆண்டுகள் ஒரு சோதனைக்கு 15 ரூபாய், ஒரு நோயாளிக்கு முழு சிகிச்சை முடித்தால் 75 ரூபாய் என்று இருந்தது, பிறகு உயர்த்தினார்கள். இந்தக் கணக்கில் ஒரு விபரீதம் இருக்கிறது, பாருங்கள். அவர் நன்றாக வேலை செய்து ஊரில் மலேரியா குறைந்தால் அவர் வருமானமும் குறையும். கடைசி நோயாளியைத் தேடி இரண்டு மலை ஏறுகிறவருக்குத்தான் அதிகம் கொடுக்க வேண்டும், நடப்பது தலைகீழ். அதுவும் மாதக்கணக்கில் தள்ளி வரும். தொண்டு மனப்பான்மை என்று மேடையில் பேசுபவர்கள் யாரும் மூன்று மாதம் சம்பளம் வராமல் இருந்து பார்த்தவர்கள் இல்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், மலேரியா குறைந்த ஊரில்தான் அது வெளியே தெரியும். நூறு காய்ச்சலில் நாற்பது மலேரியாவாக இருந்தபோது, ஆஷாவிடம் போனால் மருந்து கிடைக்கும் என்று ஊர் நம்பியது. இப்போது நூறில் ஒன்றோ இரண்டோதான் மலேரியா. மீதி எல்லாருக்கும் அவர் சொல்வது, 'உனக்கு மலேரியா இல்லை.' சரி, அப்போ எனக்கு என்ன? அதற்கு அவரிடம் பாரசிட்டமால்தான் உண்டு. காய்ச்சலோடு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த முறை வரமாட்டார், அந்த அடுத்த முறைதான் உண்மையான மலேரியாவாக இருக்கும். கம்போடியா, மியான்மர் கிராமங்களிலும் இதே கதை. மலேரியா மட்டும் பார்க்கும் தன்னார்வலரை மலேரியா குறையக் குறைய ஊர் மறந்துவிடுகிறது. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், குழந்தையின் மூச்சு வேகத்தை எண்ணி நிமோனியாவை ஊகிப்பது, யாரை எங்கே அனுப்புவது என்று நாலு விஷயம் சேர்ந்தால் மட்டுமே அந்த ஒரு சோதனைக்கும் ஆள் வரும். ஆஷாவுக்கு இந்தப் பரந்த வேலை ஏற்கெனவே உண்டு, அதனால் நம் நிலைமை கொஞ்சம் மேல். ஆனால் அவருடைய மருந்துப் பெட்டியில் அந்த நாலும் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் காலி.

குறைந்தது குறைந்தபடியே நிற்காது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. இலங்கையில் 1934-35-இல் மலேரியாவுக்குச் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1963-இல் ஆண்டு முழுவதும் 17 பேருக்குத்தான் வந்தது. மருந்து தெளிப்பைக் குறைத்தார்கள், காய்ச்சல்காரர்களின் ரத்தம் பார்ப்பதும் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல். மறுபடி அதை ஒழிக்க 2012 வரை ஆயிற்று, 2016-இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இன்றும் அங்கே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒடிசாவிலும் 2022-க்குப் பிறகு எண்ணிக்கை மீண்டும் ஏறியது. சோதனை அதிகமானதும் ஒரு காரணம் என்பார்கள், அது பாதி உண்மை. மூன்று ஆண்டில் தேய்ந்துபோகும் வலையை 2017-இல் கொடுத்துவிட்டு, நடுவில் கொரோனாவும் வந்து எல்லாம் தள்ளிப்போனால் வேறென்ன நடக்கும்? இடையில் பிறந்து மலேரியாவையே காணாமல் வளர்ந்த குழந்தைகளுக்கு எதிர்ப்பும் இருக்காது, வந்தால் கடுமையாகவே வரும்.

இனி நீங்கள் போய்ச் செய்ய வேண்டியது. இறங்கியதும் அஞ்சாறு ஆஷாக்களிடம், காய்ச்சல்காரர்களைப் பதியும் எம்-1 படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். மொத்தம் எத்தனை பேருக்குச் சோதனை என்று பார்க்காதீர்கள். காய்ச்சல் தொடங்கிய தேதி, ரத்தம் எடுத்த தேதி, மருந்து தொடங்கிய தேதி, இந்த மூன்றுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று மட்டும் கணக்குப் போடுங்கள். முதல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி என்றால் ஆட்கள் ஆஷாவிடம் தாமதமாக வருகிறார்கள், காரணம் ஊருக்குள். பின் இரண்டுக்கும் நடுவில் என்றால் மருந்து இருப்பில்லை, காரணம் கிடங்கில். எல்லாத் தேதியும் ஒரே நாளாக, ஒரே பேனாவில் இருந்தால் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது. அவரைத் திட்ட வேண்டாம், கிட் எப்போது வந்தது என்று கேளுங்கள்.

பணம் என்றால், கிடங்கிலிருந்து ஊருக்குப் பெட்டி இறக்க ஒரு மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவரும். நல்ல டார்ச், மழைக்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பாம்பு உள்ள ஊர், இரவில் கூப்பிட்டால் அவர் போக வேண்டும். கடும் நோயாளியைக் கட்டிலில் தூக்கி வருகிறவர்களுக்கு வண்டி நிற்கும் இடம்வரை வர ஆகும் செலவுக்கு ஒரு சிறு தொகையை ஊர் சுகாதாரக் குழுவிடம் கொடுத்து வைக்கலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக வெளியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் அட்டை வேறு நிறம், வேறு அளவு, சில சமயம் வேறு கூட்டு. அவர் பழகிய நிறக் கணக்கையே குலைத்துவிடும். மாவட்ட மலேரியா அதிகாரியைப் பார்த்து அரசு இருப்பே சீக்கிரம் இறங்கும்படி செய்யுங்கள். அவரும் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையில்தான் இருப்பார், வண்டி தருகிறேன் என்று போனால் நாற்காலி போட்டுப் பேசுவார்.

எல்லாவற்றையும் மே மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள். ஜூனில் மழை பிடித்துவிட்டால் ஓடை கடக்க முடியாது, இருப்பு எங்கே நிற்கிறதோ அங்கேயே அக்டோபர் வரை நிற்கும்.